அச்சங்குளம் வரை போகாத கார்

பெரியப்பா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சரவெடிப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனி வாட்ச்மேன் சைக்கிளை வாசலில் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். "மொதலாளி நாற்காலியில உக்காந்தாக. தண்ணி கேட்டாக. கொண்டாரதுக்குள்ள தலை சாஞ்சிருச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். என் விரல்களில் பசை காய்ந்து இறுகியது நினைவிருக்கிறது. அதைக் கழுவ வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

பதினாறாம் நாளுக்கு அச்சாகும் இந்த நினைவு மலரில், பெரியப்பா மாரிமுத்து, எம். புதுப்பட்டி ஊரில் பட்டாசுத் தொழிலை வளர்த்த விதத்தைப் பெரியவர்கள் எழுதுவார்கள். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் துஷ்டி வீட்டில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. "பேரப்பிள்ளையைக்கூட எட்டிப் பாக்காத கல்நெஞ்சு" என்றீர்கள் உங்களில் சிலர். அதற்காகவே எழுதுகிறேன். அவர் பார்க்கக் கிளம்பினார். இரண்டு முறை கிளம்பினார். இரண்டாம் முறை நானும் காரில் இருந்தேன்.

அவருடைய ஒரே மகள் ராஜம் அக்கா. அக்காவின் கணவர் பெரியப்பாவின் கம்பெனியை விட்டு, அச்சங்குளத்தில் வேறொரு கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அன்றோடு இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. தலைப்பிரசவத்துக்குக்கூட அக்கா தாய்வீட்டுக்கு வரவில்லை. பையன் பிறந்த செய்தியை யாரோ சந்தையில் சொல்லித்தான் பெரியப்பா தெரிந்துகொண்டார். அன்று மாலையே வெள்ளித் தண்டை வாங்கி வந்து, ரோஸ் நிறப் பட்டாசுத் தாளில் சுற்றிக் காருக்குள் வைத்தார். மறுநாள் தனியாகக் கிளம்பினார். பாதி வழியில் கார் நின்றுவிட்டது. மாடு கட்டி இழுத்து வந்தார்கள்.

அது யுத்தத்துக்கு முந்திய பழைய கார். அதன் காயில், அதாவது பேட்டரியின் மின்சாரத்தைப் பொறியாக மாற்றிக் கொடுக்கும் சுருள், முதலில் இன்ஜின் பக்கம் திறந்த இடத்தில்தான் இருந்ததாம். பெரியப்பா அதைக் கழற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் சாக்குத் துணி திணித்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் பூட்டிவிட்டார். இளவயதில் கூட வேலை பார்த்த ஒருவரை இரும்புச் சுத்தியலில் பறந்த பொறிக்குப் பறிகொடுத்தவர் அவர். வெடிமருந்து அறையில் பித்தளைக் கருவி தவிர வேறு கூடாது என்பார். வீட்டுக் காருக்கும் பித்தளையில்தான் ஸ்பானர் செய்து வைத்திருந்தார்.

விருதுநகரிலிருந்து வந்த மெக்கானிக் தலைகீழாகப் படுத்துப் பார்த்தார். அவர் கை முழங்கை வரைதான் உள்ளே போயிற்று.

"அண்ணாச்சி, காயிலு எரிஞ்சு போச்சு. மாத்தணும்னா டேஷ்போர்ட மொத்தமாக் கழட்டணும். இத இங்கன கொண்டு வச்ச புண்ணியவான் யாருன்னு சொல்லுங்க, கும்பிட்டுக்கிடுதேன்."

"நாந்தேன். கும்பிடு" என்றார் பெரியப்பா.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "தாயி, வெடிக்குத் திரி வைக்கிற கைதானே. உள்ள நுழையுதான்னு பாரு."

முதலில் என்னைக் கை, கால் கழுவி வேறு பாவாடை உடுத்தி வரச் சொன்னார். துணியில் மருந்துத் தூள் இருக்குமாம். பேட்டரி வயரை அவரே கழற்றி வைத்தார். நான் காரின் தரையில் மல்லாந்து படுத்துக் கையை உள்ளே விட்டேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டி மூடியின் நட்டுகளை விரலால் தடவித்தான் கழற்றினேன். மெல்லிய வயர்கள் இரண்டு இருந்தன. எது எங்கே இருந்தது என்று மறந்துவிடாமல் இருக்க, ஒன்றில் சிவப்புத் தாளும் மற்றதில் பச்சைத் தாளும் கட்டினேன். நடுவில் இருந்த தடித்த வயர் மட்டும் வர மறுத்தது. "இழுக்காத. திருகிக்கிட்டே உருவு" என்றார் டீ குடித்துத் திரும்பிய மெக்கானிக், கார் ஜன்னல் வழியாக. வந்தது. புதுக் காயிலை வைத்து, சிவப்புத் தாள் வயரையும் பச்சைத் தாள் வயரையும் அதனதன் இடத்தில் சேர்த்ததும் பெரியப்பா காரைக் கிளப்பினார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருந்தால் கல்நெஞ்சு என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமையே பெரியம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியில் பெரியம்மா கேட்டார்: "வாசல்ல நின்னு மருமகன் வாங்கன்னு சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா என்ன, நான் என்ன அவன்கிட்ட லோடு எடுக்கவா போறேன்? பேரனத் தூக்கிட்டு வந்து கார்ல உக்காந்துக்கிடுவேன்."

சாத்தூர் ரோட்டில், ஒற்றையாக நின்ற ஒரு முள்மரத்துக்கு, உடைமரத்துக்கு, பக்கத்தில் கார் விக்கி விக்கி நின்றது. முதல் முறை நின்றதும் அதே இடந்தானாம். நான் உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். பெட்டி தோசைக்கல் மாதிரி கொதித்தது.

"பெட்டிக்குள்ள காத்துப் போகலை பெரியப்பா. காயிலு வேகுது. மூடியை எடுத்திருவமா?"

"பொறியைத் தெறந்து விடச் சொல்றியா தாயி? பொறி கூண்டுலதான் இருக்கணும்."

அவர் மரத்தடியில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியம்மாவிடம், "மேல இருக்கிறவன் ரெண்டு தடவையும் ஒரே எடத்துல மறிக்கான். வேண்டாங்கான் போல" என்றார். சூடு ஆறியதும், எதையும் பழுது பார்க்காமலே கார் கிளம்பியது. அச்சங்குளம் போக அதுவே போதும். ஆனால் அவர் வண்டியை வீட்டைப் பார்த்துத் திருப்பினார். சகுனம் பார்க்காமல் ஒரு மருந்து மூட்டையைக்கூட இறக்காத தொழிலில் இருந்தவர் அவர். "தீபாவளி சீசன் முடியட்டும், நல்ல நாள் பாத்துப் போவோம்" என்று வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார். சீசன் முடிவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

அன்று ராஜம் அக்காவை அழைத்து வர என் அண்ணனைக் காரோடு அனுப்பினார்கள். நான் யாரிடமும் கேட்காமல் பித்தளை ஸ்பானரை எடுத்துப் போய், தகரப் பெட்டியைக் கழற்றி வெளியே வைத்தேன். பெட்டியில்லாமல் காயிலை மட்டும் பூட்டிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. உடைமரத்தைத் தாண்டியபோது எனக்கு அழுகை வந்தது.

திரும்பும் வழியில் தண்டைப் பொட்டலத்தை அக்காவிடம் கொடுத்தேன். பிரித்து, மடியிலிருந்த பையனின் காலில் போட்டுப் பார்த்தாள். கால் பெருத்துவிட்டது. ஏறவில்லை.

"எப்ப வாங்கினாரு?"

"புள்ள பொறந்தது தெரிஞ்ச அன்னிக்கே. ரெண்டு தடவை கெளம்பினாகக்கா. கார் நின்னுபோச்சு."

"எதுவரைக்கும் வந்தாரு?"

மரம் வந்ததும் காட்டினேன். "இங்கன வரைக்கும்."

அண்ணனை நிறுத்தச் சொன்னாள். பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மரத்தடியில் சற்று நேரம் நின்றாள். பிறகு, "போவோம்" என்று ஏறிக்கொண்டாள்.

பித்தளை ஸ்பானரை நானே வைத்துக்கொள்ளும்படி பெரியம்மா சொல்லிவிட்டார். பெரியப்பாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுவும், அந்த ரோட்டில் எது அந்த உடைமரம் என்ற அடையாளமும்தான். ராஜம் அக்காவின் மகன் நடக்கப் பழகட்டும். உன் தாத்தா உன்னைப் பார்க்க இந்த மரம் வரை வந்தார் என்று அழைத்துப் போய்க் காட்டுவேன்.