வேலிக்கு அடியில் தோண்டியவனும் டாக்டரம்மாவும்

ஆம்பூர்ப் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் நான் பார்த்த அந்த டாக்டரம்மா, நாயிடம் பேசிவிட்டுத்தான் ஆளிடம் பேசுவார்.

"இன்னாடா, பொண்ணு பாக்கக் கெளம்பிட்டியா?" என்று எங்கள் நாய் மணியைக் கேட்டார்.

பத்து மாத மணி வேலிக்கு அடியில் தோண்டித் தோண்டி ஓடினான். பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பு வாசனைதான் இழுக்கிறது என்று நினைத்த அப்பா, ஒடுகத்தூர் மலையடிக் காட்டில் அவனை விட்டுவிட முடிவு செய்திருந்தார்.

"தோல் வாசனை அவன் பொறந்ததுலருந்து இருக்குதே தம்பி. இப்பதான் வயசுக்கு வந்துகிறான். பக்கத்துல எங்கியோ பொட்ட நாய் இருக்கும். கருத்தடை பண்ணிடலாம், தினம் நடக்க கூட்டிட்டுப் போ. கம்மியாய்டும்."

"அப்பா கேக்க மாட்டார் மேடம். இவனக் காட்ல வுட்டுடணும்னு நிக்கிறார்."

என் போனை வாங்கி அப்பாவிடம் பேசினார். "அண்ணே, உங்க பையனுக்கும் மீச மொளச்சுதே, காட்லயா வுட்டீங்க?"

ஒரு வாரமாக நான் வாதாடியும் அசையாத அப்பா சிரித்தது எனக்கே கேட்டது. மணி வீட்டிலேயே தங்கிவிட்டான். முகம் தெரியாத ஒருவரை அவர் எப்படி அப்படிச் சிரிக்க வைத்தார் என்று நன்றியோடு இன்னும் வியக்கிறேன்.