பின்சீட்டுப் பூமாலை

இரும்பு வாணலியில் பூமாலை மணலை வறுத்துக்கொண்டிருக்கிறார். அடியிலிருந்து மேலாகப் புரட்டுகிறார். ஒரு பிடி அள்ளி இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிப் பார்க்கிறார். சூடு தாங்காமல் உதறிவிட்டு மறுபடியும் புரட்டுகிறார். சாலையில் போகிற ஒருவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று, "கடல எப்பங்க எறக்குவீங்க?" என்று கேட்கிறார். பூமாலை நிமிர்வதில்லை. "கடலைக்கு இல்லீங்க. பைப்புக்கு."

கேட்டவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கம் சொல்கிற பழக்கம் பூமாலைக்கும் கிடையாது. நானே மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பைப்பை வளைக்கும்போது வளைவில் நசுங்கிப்போகாமல் இருக்க, உள்ளே மணலை இறுக அடைத்து இரண்டு பக்கமும் மரக்கட்டையால் மூடிவிடுவார். ஈர மணல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவே எங்காவது பொந்து விழுமாம். அந்த இடத்தில் பைப் ஒடுங்கிவிடும். அதனால்தான் வறுவல்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் போகிற சாலையில் இருக்கிறது அவருடைய பட்டறை. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர். நான்காவது பக்கம் சாலை. மழை இல்லாத நாளில் மேற்கே கல்வராயன் மலை தெரியும். கரும்பு ஏற்றும் டிரெய்லருக்குப் பக்கக் கம்பி வைப்பதுதான் அவருடைய பூர்வீகத் தொழில். ஊர் மாவட்டத் தலைநகரம் ஆனதும் புது வீடுகள் முளைத்தன. கேட்டும் கிரில்லும் சேர்ந்துகொண்டன. என் வீட்டு கேட்டும் அதில் ஒன்று. அது மூன்று வாரமாக அவர் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. "எப்ப முடியும்?" என்று கேட்கும்போதெல்லாம் "ஆவட்டும்" என்கிறார். பூமாலை வாயில் "ஆவட்டும்" என்று வந்துவிட்டால் அந்த வேலை இப்போதைக்கு ஆகாது என்று அர்த்தம். அது தெரியாமல் முதல் வாரம் முழுக்க நான் நம்பிக்கையோடு இருந்தேன்.

என் கேட்டைப் பின்னுக்குத் தள்ளிய வேலை, கார் கூண்டு. பந்தயம் ஓட்டுகிற பையன்கள் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்கிறார்கள். பூமாலைக்கு அது கூண்டு. நேரான கால் மைல் பாதையில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, விளக்கு மாறியதும் பறக்க வேண்டும். பதினைந்து நொடி ஓடுகிற பந்தயம் அது. வண்டி கவிழ்ந்தால் கூரை ஓட்டுபவன் தலையில் இறங்காமல் இருக்க, அவன் முதுகுக்குப் பின்னால் தடித்த இரும்புப் பைப்பை வளைத்து நிறுத்துகிறார்கள். தோள் உயரத்தில் குறுக்காக ஒரு பைப், பின்பக்கம் சாய்வாக இரண்டு கால். இந்தப் பக்கத்தில் இதைச் சரியாகச் செய்கிறவர் பூமாலை ஒருவர்தான். அதற்கான விதிமுறைத் தாளை அவர் மகள் ஜெயசுதா தமிழில் எழுதிக்கொடுத்திருக்கிறாள். சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறது. "ஹெல்மெட்டுக்கு மேல மூணு இஞ்சு. தலைக்குப் பின்னால ஆறு இஞ்சுக்குள்ள." தாள் மஞ்சளாகிவிட்டது. பூமாலைக்கு மனப்பாடம்.

அவர் கூண்டில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பைப் எவ்வளவு கனம் என்று பந்தயத்தில் சோதிப்பவர்கள் பார்ப்பதற்காக அவரே துளைத்துவிடுவார். "ஊர்ல ஓட்ட பைப்ப வித்தா ஏமாத்துக்காரன். இங்க ஓட்ட இல்லாம குடுத்தாத்தான் ஏமாத்துக்காரன்" என்றார். அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான் என்று அன்று நினைத்தேன்.

பட்டறைக்குள் முதலில் கண்ணில் படுவது கூண்டு அல்ல. உள்சுவரில் கோண இரும்பால் ஒரு பரண். அதில் வரிசையாகக் கார்களின் பின்சீட்டுகள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் பெயர். சிவசங்கர். வெங்கடேசன். சேலத்து டாக்டர். பழைய சாமான் வியாபாரமோ என்று நினைத்தேன். அவை பிணை. கூண்டு மாட்டிய வண்டியின் பின்சீட்டை பூமாலை திருப்பிக் கொடுப்பதில்லை. கூண்டைக் கழற்றிக்கொண்டு வந்தால் சீட்டு கிடைக்கும். சீட்டோடு போனால் கூண்டு இங்கே இருக்கும். இரண்டும் ஒரே வண்டியில் இருக்கக் கூடாது. பந்தயப் பையன்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பின்சீட்டு. நேரில் யாரும் சொல்வதில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் தமிழழகன் வந்தது ஒரு திங்கட்கிழமை. இருபத்தேழு வயது இருக்கும். பதினைந்து வருஷத்துப் பழைய கார். எஞ்சினில் ஏதேதோ செய்து, போன பந்தயத்தில் அவனே எதிர்பாராத வேகத்தில் ஓட்டிவிட்டான். இனி கூண்டு இல்லாமல் பாதையில் விடமாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த பந்தயம் பன்னிரண்டு நாளில். பூமாலை வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து பின்சீட்டைப் பார்த்தார். அதில் ஒரு பிளாஸ்டிக் கிளியும் பாதி தின்ற பிஸ்கட்டும் கிடந்தன.

"இந்த வண்டியில யாரு யாரு போவீங்க?"

"நாந்தாண்ணா ஓட்டுவேன்."

"ஓட்டறத கேக்கல. ஒக்கார்றது."

"வூட்ல எல்லாரும்தான். ஏண்ணா?"

"எல்லாரையும் இட்டுக்கினு வா. அளவு எடுக்கணும்."

தமிழழகன் சிரித்தான். பூமாலை சிரிக்கவில்லை. மறுநாள் குடும்பமே வந்து இறங்கியது. மனைவி ஷாலினி, நான்கு வயது மகள் மணிமொழி, கரும்புக் கொல்லையிலிருந்து நேராக வந்த தகப்பனார் பச்சமுத்து, தலையில் துண்டோடு. "கவுந்துடும்னு தெரிஞ்சேதான் ஓட்டப் போறானா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு அவர் பின்சீட்டில் ஏறினார்.

தமிழழகனை ஹெல்மெட்டோடு உட்காரவைத்து, தலைக்கு மேலும் பின்னாலும் அளந்துகொண்டார் பூமாலை. அதற்குப் பிறகு செய்ததுதான் வேடிக்கை. ஆணியில் தொங்கிய பழைய வேட்டிக் கிழிசலை எடுத்தார். நீளமான துணி. அதைச் சாக்பீஸ் தூளில் புரட்டினார். குறுக்குப் பைப் எங்கே வரப்போகிறதோ அதே உயரத்தில், முன்சீட்டுக்குப் பின்னால், இந்தக் கதவோரத்திலிருந்து அந்தக் கதவோரத்துக்கு இழுத்துக் கட்டினார். தாத்தாவும் பேத்தியும் பின்னால். ஷாலினி முன்னால். "எப்பவும் எப்டி ஒக்காருவீங்களோ அப்டியே ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு போனார். சைக்கிள் வேகம்தான். புளியமரம் வரை போய்த் திரும்பி வரும்போது, பட்டறை வாசலில் ஒரே மிதியாக பிரேக்கை மிதித்தார்.

கதவு திறந்தது. பச்சமுத்துவின் மூக்கும் மீசையும் வெள்ளை. எல்லாரும் சிரித்தோம். எப்போதும்போல இரண்டு சீட்டுக்கு நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றே வந்த மணிமொழியின் நெற்றியில், ஒரு காதோரத்திலிருந்து மறு காதோரம்வரை விபூதி பூசியதுபோல ஒரு பட்டை. அவள் கன்னம் குழியச் சிரித்தாள். தமிழழகன் சிரிப்பதை நிறுத்தியது அப்போதுதான்.

பூமாலை குந்தி உட்கார்ந்து கட்டை விரலால் அந்தப் பட்டையை இடமிருந்து வலமாகத் துடைத்தார். "துணி, அதான் தொடச்சா போவுது" என்றார். எழுந்து போய் ஸ்பேனரை எடுத்துப் பின்சீட்டின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பரணில் ஏற்றிச் சாக்பீஸால் பெயர் எழுதினார்.

அதற்கடுத்த நாட்களில் என் கேட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவர் வேலை செய்வதைப் பார்த்தால் திறக்கத் தோன்றாது. காரின் தரைத் தகட்டைத் தட்டிப் பார்த்து, "அப்பளம்ங்க இது. இதும்மேல நேரா நிறுத்தினா, கவுழும்போது கூண்டு கீழ பொத்துக்கினு போய்டும்" என்றார். மேலே ஒரு தடித்த தகடு, கீழே ஒரு தகடு, நடுவே தரை. நான்கு காலுக்கும் நான்கு நான்காகப் பதினாறு போல்ட். பற்றவைத்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் கழற்ற முடியாதே. பைப்பை அவசரமில்லாமல் வளைத்தார். ஒவ்வொரு தடவை அழுத்தியதும் நிறுத்தி, வளைவைத் தடவிப் பார்த்தார்.

எல்லாம் மாட்டிய பிறகு ஓட்டுபவன் தலை படுகிற இடத்தில் பைப்புக்குத் தடித்த ரப்பர் பஞ்சு சுற்றினார். சுற்றி முடித்ததும் சீட்டில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, தன் நெற்றியால் அதில் ஓங்கி இடித்தார். ஒரு தரம் இல்லை, நாலைந்து தரம். அவர் நெற்றி நடுவே காசளவு கறுத்துக் கிடப்பதை நான் பக்தி என்று நினைத்திருந்தேன். பார்க்க எனக்கே வலித்தது. "கையால அமுக்கிப் பாத்தா போதாதா?" என்றேன்.

"கைக்கு இன்னா தெரியும்."

பிறகு அவராகவே சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அன்புச்செல்வன் என்று ஒருவர். பூமாலை கூண்டு மாட்டிய இரண்டாவது வண்டி அவருடையது. பின்சீட்டைக் கழற்ற வேண்டும் என்று அப்போது பூமாலைக்கே தோன்றவில்லை. "கூண்டுன்னா காப்பாத்தும், அத்தோட நின்னுட்டேன். யாருக்குன்னு நெனச்சிப் பாக்கல." எலவனாசூர்கோட்டைக்குப் போகிற வழியில் நாய் ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. பிரேக். வண்டிக்குக் கீறல் இல்லை, நாய்க்கும் ஒன்றும் இல்லை. பின்னால் நின்றுகொண்டு வந்த அன்புச்செல்வன் மகளின் நெற்றி குறுக்குப் பைப்பில் மோதியது. ஏழு தையல். "இப்ப எட்டாவது படிக்குது. சைக்கிள்ல இந்தப் பக்கம்தான் போவும். எனக்கு அந்தப் புள்ள மூஞ்சே தெரியாதுங்க. நெத்திதான் தெரியும்." சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு தரம் இடித்துப் பார்த்தார்.

தமிழழகன் பந்தயத்துக்குப் போய் வந்தான். சோதித்தவர்கள் ஓட்டையைப் பார்த்துத் தலையசைத்தார்களாம். எத்தனை நொடி, ஜெயித்தானா தோற்றானா, எதையும் பூமாலை கேட்கவில்லை. "கூண்டு கழட்டியாச்சா?" என்றுதான் போனில் கேட்டார். "கழட்டிர்றேண்ணா" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது.

புதன்கிழமை சாயங்காலம் கார் வந்து நின்றது. ஷாலினி முன்னால், மடியில் மணிமொழி. பின்னால் சீட்டு இல்லாத வெறும் தரையில் சீர்த்தட்டுகள், பழக்கூடை. கூண்டு அப்படியே இருந்தது. பச்சமுத்து தன் மொபெட்டில் பின்னாலேயே வந்தார்.

"அண்ணா, சீட்டு வேணும். காலையில எலவனாசூர்கோட்டையில இவங்க அக்காவுக்கு வளகாப்பு. அப்பாவும் வர்றாரு."

"கூண்டு?"

"கழட்ட நேரமே இல்லண்ணா. கடையில வேல ஜாஸ்தி. ஒரு நாளுதான். பாப்பாவ அப்பா மடியில வெச்சிக்குவாரு."

"ஆவட்டும்" என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆவாது" என்றார் பூமாலை. அந்தச் சொல்லை அவர் வாயில் நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

"மெதுவா ஓட்றேண்ணா."

"அன்புச்செல்வனும் மெதுவாத்தான் போனாரு."

தமிழழகனுக்கு முகம் சிவந்தது. "அது என் சீட்டுண்ணா. என் வண்டி. என் புள்ள. எனக்குத் தெரியாதா?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சீட்டு அவனுடையதுதான். எனக்கு அவன்மேல் கோபமாக வந்தது. ஆனாலும் பூமாலை இடத்தில் இருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

பூமாலை ஸ்டூலைப் போட்டு ஏறினார். தமிழழகன் என்று எழுதியிருந்த சீட்டைப் பரணிலிருந்து இறக்கினார். தூசி தட்டினார். சாக்பீஸ் எழுத்தைத் துண்டால் துடைத்தார். கொண்டுவந்து கார் பக்கத்தில் தரையில் வைத்தார். மணிமொழி அம்மா மடியிலிருந்து வழுக்கி இறங்கி, ஓடிவந்து அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கிளி இருக்கிறதா என்று இடுக்கில் கைவிட்டுத் தேடினாள்.

பூமாலை அவள் எதிரில் குந்தினார். கட்டை விரலை அவள் நெற்றியில் வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாகத் துடைத்தார். அன்றைக்குத் துடைத்த அதே இடம். அங்கே ஒன்றும் இல்லை. அவர் விரலில் இருந்த கிரீஸ்தான் லேசாகக் கறுப்பாக ஒட்டியது. துடைக்க முந்தானையோடு குனிந்த ஷாலினி அப்படியே நின்றுவிட்டாள். பச்சமுத்து மொபெட்டை அணைத்தார்.

"கூண்டு கழட்ற ஸ்பேனர் எங்கண்ணா இருக்குது?" என்றான் தமிழழகன். குரல் இறங்கியிருந்தது.

பூமாலை உடனே எழுந்திருக்கவில்லை. இல்லாத அந்தச் சாக்பீஸ் தூளை இன்னொரு தரம் துடைத்துவிட்டுத்தான் எழுந்தார்.