சிரட்டைத் தராசில் ஒரு பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், ஒரே ஒரு மாணவி. வாத்தியாருக்கு முன்கோபம் அதிகம். மாணவிக்கு வயது ஐந்தரை. கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் பஸ் போகிற சாலையை விட்டுச் சற்று இறங்கினால், மதுரைக்காரர் ஒருவருக்குச் சொந்தமான மூன்று தங்கும் வீடுகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவற்றின் பின்புறம் இருக்கிற ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான் எங்கள் வீடு, பள்ளிக்கூடம் எல்லாமே. சீசன் முடிந்துவிட்டால் மூன்று வீடுகளும் பூட்டிக் கிடக்கும். காலையில் வந்து உட்காருகிற பனிமூட்டம் மத்தியானமாகியும் எழுந்து போகாது. அந்த நாட்களில் வாய்விட்டுப் பேச எனக்கு என் மகளைத் தவிர ஆளில்லை. அவளும் என்னைத் தவிர யாரோடும் பேசுவதில்லை. எனக்கு ஆள் இல்லாதது ஊர் காலியாகக் கிடப்பதால். அவள் கதை வேறு.

கீழே அய்யம்பாளையத்தில் இருந்தபோது அவள் வாயாடி. தெருவில் போகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேசுவாள். வீட்டு நிலைமை காரணமாக என் மனைவி வளைகுடா நாட்டில் ஒரு வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது மகள் வேனில் தூங்கிவிட்டாள். விழித்ததிலிருந்து என்னைத் தவிர வேறு யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. நான் அதுவரை வத்தலக்குண்டில் ஒரு காய்கறி மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். விடியுமுன் போய் இருட்டிய பின் வருகிற அந்த வேலையை வைத்துக்கொண்டு இவளை யாரிடம் விடுவது? அதனால்தான் மலைக்கு வந்தோம்.

மனைவிக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்று வீடியோவில் வருவாள். மகள் திரைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து அம்மாவையே பார்ப்பாள், உதடு பிரியாது. மனைவி அந்தப் பக்கம் கெஞ்சுவாள், கொஞ்சுவாள், பாட்டுப் பாடுவாள். போன் வைத்ததும் மகள் என் பக்கம் திரும்பி, “அம்மா கம்மல் மாத்திருக்குப்பா. கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு. பின்னாடி சுவத்துல கடிகாரம் ஓடல” என்று ஒன்று விடாமல் சொல்வாள். நான் அதை மனைவிக்குச் செய்தியாக அனுப்புவேன். ஒருமுறை பதில் வந்தது: “அவ சொன்னாளா, இல்ல எனக்காக நீங்களா சொல்றீங்களா?”

பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் பார்த்தேன். டீச்சர் நல்லவர். “சார், பாத்ரூம் போகணும்னுகூடச் சொல்ல மாட்டேங்குறா. நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. இந்த வருஷம் வீட்டுலயே வச்சுப் பாருங்க” என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டரும், பேசு பேசு என்று நெருக்காதீர்கள், நேரம் வரும்போது பேசுவாள் என்று சொல்லி அனுப்பினார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

வீட்டிலேயே சொல்லித் தருவது எப்படி என்று போனில் தேடினேன். யார் யாரோ அம்மாக்கள், வெள்ளை வெளேரென்ற அறைகளில், பளபளவென்று மரச்சாமான்களைப் பரப்பி வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் சட்டையில் ஒரு சாம்பார்க் கறைகூட இல்லை. போனைத் தூக்கிப் பரணில் போட்டேன். என்னிடம் என்ன இருக்கிறதோ அதை வைத்துச் செய்வோம் என்று தோன்றியது.

தட்டில் ரவையைக் கொட்டி விரலால் எழுதினோம். தப்பாகிவிட்டால் தட்டை ஒரு குலுக்கு குலுக்கினால் போதும், ரப்பர் வேண்டாம். சாயங்காலம் அதே ரவை உப்புமாவாகிவிடும். “அப்பா, நான் எழுதுன ‘அ’வைத் தின்னுட்டேன்” என்பாள். பட்டாணிக் காயை உரிப்பதற்கு முன்னால் உள்ளே எத்தனை மணி என்று ஆளுக்கொரு எண் சொல்லி, உரித்து எண்ணிப் பார்ப்போம். யூகலிப்டஸ் மரத்தடியில் கிடக்கும் குட்டிக் குட்டிக் காய்மூடிகளைப் பொறுக்கிவந்து கூட்டல் கழித்தல். மலைக்குக் கொண்டுவரக் கூடாத பிளாஸ்டிக் பாட்டில்கள், படித்த விருந்தாளிகள் காலிசெய்துவிட்டுப் போன அறைகளில் கட்டிலுக்கு அடியில் கிடைக்கும். அவற்றில் ஒன்றை வெட்டிக் கோடு போட்டு, எவ்வளவு மழை பெய்தது என்று அளந்தோம். ஜன்னலிலிருந்து பார்த்து, மூட்டம் முதலில் எந்த மரத்தை விழுங்குகிறது, கடைசியாக எதைத் துப்புகிறது என்று படம் வரைவாள். அவள் வரைந்த பாதிப் படங்களில் வெறும் வெள்ளைத் தாள்தான் இருக்கும். அதுவும் சரியான விடைதான்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது தராசு. சட்டை மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் தேங்காய்ச் சிரட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். ஓடையில் பொறுக்கிய கூழாங்கல்தான் படிக்கல். ஒரு கேரட்டுக்கு எத்தனை பூண்டு, ஒரு பேரிக்காய்க்கு எத்தனை பீன்ஸ் என்று நாளெல்லாம் நிறுப்போம். நான் கடைக்காரன், அவள் வாங்க வருகிறவள். இந்தப் பாடத்தில் மட்டும் நான் கறார். மண்டியில் எடை போட்ட கை இது. முள் இல்லாவிட்டால் என்ன, ஹேங்கர் ஒரு நூல் சாய்ந்தாலும் “தப்பு” என்பேன். ஒற்றைப் பீன்ஸ் கூடினால் எடுத்துவிடுவேன், குறைந்தால் கிள்ளிப் போடுவேன். சமம் என்றால் சமம். அவளும் அப்படியே பழகிவிட்டாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஹேங்கரைப் பார்த்து, “தப்பு” என்று அவள் சொல்வது நானே சொல்வது மாதிரி இருக்கும். எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் அந்த ‘தப்பு’ எங்கள் அறையின் கதவைத் தாண்டியதில்லை. பால்காரர் வந்தால் என் முழங்காலுக்குப் பின்னால் போய்விடுவாள். ஒரு குழந்தைக்கு எண்ணவும் எழுதவும் சொல்லிக்கொடுத்துவிட்டேன், அவளுடைய குரலை அவள் அம்மாவுக்குக் கேட்க வைக்க எனக்கு வழி தெரியவில்லை. ராத்திரி அடுப்படியில் பாத்திரம் கழுவும்போது தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்காது. சில நாள் அந்தச் சத்தத்தோடு சத்தமாக அழுதிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காய்கறி வாங்க இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் கொடைக்கானல் பஜாருக்குப் போவோம். அங்கே ஒரு பாய் கடை. அவர் பேச்சு எல்லாம் வாடிக்கைக்காரர்களோடு நடந்துகொண்டே இருக்கும். மகளைப் பார்த்து “வா தாயி” என்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அதனால் அவர் கடையில் அவள் முழங்காலுக்குப் பின்னால் போகாமல் பக்கத்தில் நிற்பாள்.

அன்று பஜாரில் கரண்ட் இல்லை. காற்றுக்கு எங்கோ மரம் விழுந்துவிட்டதாம். எலெக்ட்ரானிக் தராசு செத்துக் கிடக்க, பாய் உள்ளேயிருந்து பழைய தட்டுத் தராசை எடுத்து வந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார். மகள் என் கையை இறுக்கினாள். சிரட்டைத் தராசின் பெரிய அக்காவை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். பாய் அரைக்கிலோ படிக்கல்லை ஒரு தட்டில் வைத்தார், மறு தட்டில் பீன்ஸைக் கொட்டினார். தட்டுகள் ஆடி ஆடி நின்றன. முள் நடுவில் நின்றது. மகளின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பாய் பீன்ஸைப் பையில் சரித்தார். பிறகு வழக்கம்போல, பார்க்காமலேயே கூடையிலிருந்து இன்னொரு கைப்பிடி பீன்ஸை அள்ளி மேலே போட்டார்.

“தப்பு.”

பின்னால் நிற்கிற யாரோ சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மகள் பைக்குள் கையை விட்டு, அந்தக் கைப்பிடி பீன்ஸை எடுத்துக் கூடையில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன தாயி, காய் நல்லா இல்லையா?”

“சமமா இருந்துச்சுல்ல? அப்புறம் ஏன் போட்டீங்க?”

பாய்க்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு அது ஒரு பிள்ளை கேட்கிற கேள்வி, அவ்வளவுதான்.

“அதுவா? அது கொசுறு.”

“கொசுறுன்னா?”

“எடை போட்டு முடிச்சப்புறம் குடுக்கிறது.”

“எவ்வளவு எடை?”

“அதுக்கு எடை கெடையாது தாயி. கையில வர்றதுதான்.”

“எல்லாருக்கும் போடுவீங்களா?”

“மறுபடி வரணும்னு நெனைக்கிறவங்களுக்குப் போடுவோம். நீ வரணும்ல?”

அவள் யோசித்தாள். பிறகு என்னைக் கை காட்டி, “எங்கப்பா போடவே மாட்டாரு” என்று புகார் சொன்னாள். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்துக்கொண்டே, அவள் எடுத்துப் போட்டதை மறுபடி அள்ளிப் பையில் போட்டு, கூடவே ஒரு பிடி கொத்தமல்லியையும் செருகினார். இந்த முறை அவள் தடுக்கவில்லை. மண்டியில் கொசுறு கேட்டு நின்றவர்களையெல்லாம் விரட்டியே பழகிய எனக்கு, அதை ஒரு பாடமாக வைக்கத் தோன்றவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் கேட்டாள்:

“அப்பா, அம்மா போறப்ப நாம கொசுறு போட்டோமா?”

எனக்கு உடனே புரியவில்லை.

“நான் அன்னைக்குத் தூங்கிட்டேன்ல” என்றாள். “நான் ஒண்ணுமே போடல.”

“அதுக்கெல்லாம் அம்மா வராம இருக்காதுடா” என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. எனக்கு அவளை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், அவள் தலையில் கையை மட்டும் வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. எங்கள் அறைக்குள் சிக்னல் இழுக்காது என்பதால், கேட் பக்கம் இருக்கிற பாறையில் உட்கார்ந்தோம். பஜாரில் நடந்ததை நான் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் பேசு பேசு என்பாள், இவள் மறுபடி பூட்டிக்கொள்வாள் என்ற பயம். வழக்கம்போல மனைவிதான் பேசினாள். அங்கே வெயில் கொளுத்துகிறது, அந்த வீட்டுப் பெரியம்மாவுக்குக் காய்ச்சல், மகள் இளைத்திருக்கிறாள், என் ஸ்வெட்டர் கிழிந்திருக்கிறது. மகள் வழக்கம்போல உதட்டை மூடிக்கொண்டு பார்த்தாள். பேச்செல்லாம் தீர்ந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, வச்சிடட்டா?” என்றாள்.

மகள் போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

“அம்மா, எங்க ஊர்ல கரண்ட் போச்சு. பாய் பெரிய தராசு எடுத்தாரு. கடையில அப்பா கொத்தமல்லியே வாங்க மாட்டாரு, பாய் சும்மா குடுத்தாரு. நம்ம வீட்டுக்குப் பின்னாடி பேரிக்கா காச்சிருக்கு. ஒனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. திரையில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். போனை ஆட்டிப் பார்த்தாள், காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு குழம்பிப்போய் என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, அம்மா பேச மாட்டேங்குது.”