ஆயிரம் பஸ்கியும் பதினோரு நாள் காத்திருப்பும்

1969 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை காலை, என் சிறுநீர் கறுத்திருந்தது. காபி டிகாக்‌ஷனின் நிறம். கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்புறக் குளியலறையில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தேன். பிடிக்காமல் நிற்க முடியவில்லை. இரண்டு தொடைகளும் மரக்கட்டையாக இறுகிக் கிடந்தன.

அன்றைய நாட்குறிப்பில் சிறுநீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "வலது தொடை ஒன்றேகால் அங்குலம் கூடுதல். இடது ஒன்றரை. இரண்டே நாளில்!" என்று எழுதியிருக்கிறேன். சேதமடைந்த தசை வீங்குவதை வளர்ச்சி என்று அளந்து, வியப்புக்குறியும் போட்டிருக்கிறேன்.

கடும் பயிற்சிக்குப் பிறகு இப்படி ஒரு நிறத்தைக் கண்டு, யாரிடம் சொல்வது என்று கூச்சப்படுகிறவர்கள் இருக்கலாம். வேலையை நிறுத்தி மூடிக்கொண்ட சிறுநீரகம் மறுபடி திறக்குமா என்று வார்டில் படுத்திருப்பவர்களும், அவர்கள் அருகே அமர்ந்திருப்பவர்களும் இருக்கலாம். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நகரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்த உறவினர் ஒருவர், "கோட்டு இருக்கு, மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரமே மேற்குத் தாம்பரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். அது 1966 ஜூன். மூன்று ஆண்டுகள் ஆவதற்குள் மார்பும் கைகளும் திரண்டன. சட்டைகளை இரண்டு முறை பிரித்துத் தைத்தோம். கண்ணாடி இருக்கும் எந்தக் கடையையும் என்னால் நேராகக் கடந்து போக முடியாது.

1969 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, உள்ளூர்ச் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவில் உடற்கட்டுப் போட்டி. அதற்கு ஒரு வாரம் முன்பு, கூடத்தில் என்னோடு பயின்ற மணி என்னைச் சுற்றி வந்து பார்த்தான்.

"மச்சான், மேல பாத்தா சிங்கம். கீழ பாத்தா கொக்கு கீது. ஜட்டியோட மேடை ஏறினா சனங்க இன்னாத்த பாப்பாங்க? காலைத்தான்."

"ஒரு வாரத்துல கால் வருமா?"

"ஆயிரம் பஸ்கி போடு. வராம எங்க போவும்? நான் எண்றேன்."

பஸ்கி (உட்கார்ந்து எழும் பயிற்சி) அதுவரை நான் ஐம்பதுக்கு மேல் போட்டதில்லை. அத்துடன் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. போட்டிக்கு முந்தைய நாட்களில் தண்ணீரைக் குறைத்தால் தோல் ஒட்டி, தசை வரிவரியாகத் தெரியும் என்று நம்பினோம். ஐந்து நாட்களாக நான் நாளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் குடிக்கவில்லை. 16ஆம் தேதி ஞாயிறு காலை, அந்தக் கூரையின் வெக்கையில், இடையிடையே தூணில் சாய்ந்து ஆயிரத்தையும் முடித்தேன். மணி கைதட்டினான். வாயைக் கொப்பளித்துத் துப்பினேன்; விழுங்கவில்லை.

புதன்கிழமை சிறுநீர் இன்னும் கறுத்து, அளவிலும் குறைந்தது. வியாழக்கிழமை காலை ஆசிரியையான என் மனைவி ரோசி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள், வாசலிலிருந்து திரும்பி வந்தாள்.

"என்னங்க, நேத்து சாயங்காலத்துலேருந்து நீங்க பின்பக்கம் போகவே இல்லையே?"

சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டில் மஞ்சள் காமாலை என்று முடிவு செய்து கீழாநெல்லி தேடப் போனார்கள். ரோசி என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"கண்ணு வெள்ளையா இருக்கு. இது காமாலை இல்ல. கிளம்புங்க."

"ஞாயித்துக்கிழமை போட்டி முடியட்டும், ரோசி."

"போட்டிக்கு நீங்க நடந்து போவீங்களா, நாலு பேர் தூக்கிட்டுப் போகணுமா?"

அன்று பிற்பகல், நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றில், சிறுநீர்க் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி டாக்டர் கேட்டார்: "பாம்பு ஏதாவது கடிச்சுதா? அடி பட்டுதா?"

"இல்ல சார். எக்சர்சைஸ் பண்ணேன்."

"என்ன எக்சர்சைஸ்?"

"பஸ்கி சார். ஆயிரம்."

அவர் குப்பியை மெதுவாகக் கீழே வைத்தார். "யாராவது துப்பாக்கி காட்டிப் போடச் சொன்னாங்களா?"

பிறகு பொறுமையாக விளக்கினார். தாங்க முடியாத வேலை கொடுத்ததால் தசை இழைகள் உடைந்திருக்கின்றன. அவற்றிலிருந்து மயோகுளோபின் (தசைக்குச் சிவப்பு நிறம் தரும் புரதம்) இரத்தத்தில் கலந்து, தண்ணீர் இல்லாமல் வறண்டிருந்த சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுத்துவிட்டது. யூரியா (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிக்கொண்டிருக்கிறது.

"சிறுநீரகம் தானா திறக்கலாம். ரெண்டு வாரம்கூட ஆகலாம். திறக்காமலும் போகலாம்," என்றார். ரோசி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்போது மூன்று மாதம். "அதுவரைக்கும் நீங்க ஒரே ஒரு காரியம்தான் செய்யணும். ஒண்ணுமே செய்யக் கூடாது."

ஒன்றும் செய்யாமல் இருப்பதைப் போன்ற கடினமான பயிற்சியை நான் செய்ததில்லை. முந்தைய நாள் வெளியேறிய அளவும் அதற்கு மேல் அரை லிட்டரும்தான் குடிக்கத் தருவார்கள். தண்ணீரை விரட்டியவன், இப்போது அரை டம்ளரை மூன்று மணி நேரம் வைத்துக் குடித்தேன். ஒவ்வொரு துளி சிறுநீரும் அளவுக் குவளையில் பிடிக்கப்பட்டு, கட்டிலின் காலடியில் தொங்கிய தாளில் ஏறியது. முதல் நாள் தொண்ணூறு சி.சி. மூன்றாம் நாள் அறுபது. போட்டி நடந்த ஞாயிறும் அப்படியே கழிந்தது. யார் வென்றார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் மணி நான்கு இளநீரைச் சீவிக்கொண்டு வந்து நின்றான். நர்ஸ் வழி மறித்தார்.

"சிஸ்டர், இளநிதானே? சாராயமா எடுத்தாந்தேன்?"

"இவருக்கு இப்ப இது சாராயத்தைவிட மோசம். எடுத்துட்டுப் போங்க."

இளநீரில் பொட்டாசியம் (அளவுக்கு மிஞ்சினால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய உப்பு) அதிகம். சிறுநீரகம் மூடியிருக்கும்போது அதை வெளியேற்ற வழியில்லை. பழச்சாறும் அப்படித்தான். அன்போடு யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் நர்ஸிடம் காட்டுங்கள். மணி இளநீரைப் பக்கத்துக் கட்டில்களுக்குப் பகிர்ந்துவிட்டு, என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். "நான்தானே எண்ணுனேன், மச்சான்," என்று அழுதான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் எண்ணாவிட்டால் நானே எண்ணியிருப்பேன்.

ஏழாம் நாளிலிருந்து குமட்டலும் விக்கலும். கணுக்கால்களில் விரல் வைத்தால் குழி விழுந்தது. ரோசி தினமும் பள்ளி முடிந்து மின்சார ரயிலில் வருவாள். உள்ளே நுழைந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பாள். நூற்றுப் பத்து. நூறு. நூற்று முப்பது.

மார்ச் 3, திங்கட்கிழமை, வார்டில் பதினோரு நாள் முடிந்திருந்தது. காலையில் குவளையைத் தூக்கிப் பார்த்த நர்ஸ் இன்னொரு குவளை எடுத்து வந்தார். மாலைக்குள் எழுநூறு சி.சி. மறுநாள் இரண்டு லிட்டர். நிறம் வெளிறிய வைக்கோல். ரோசி தாளைப் படித்தாள், மறுபடி படித்தாள், பிறகு பக்கத்துக் கட்டில்காரரிடம் சத்தமாகச் சொன்னாள்: "அண்ணா, இவருக்கு வந்துடுச்சு!" வார்டே சிரித்தது. சிறுநீர் கழித்ததற்காக எனக்குக் கைகொடுத்தவர்கள் பதினான்கு பேர்.

டாக்டர் எச்சரித்தார்: திறந்த பிறகும் ஆபத்து உண்டு, நீரும் உப்பும் அளவில்லாமல் வெளியேறிவிடும். இனி போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். குடித்தேன். தண்ணீருக்கு ருசி இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

மார்ச் 22 சனிக்கிழமை வீடு திரும்பியபோது பதினேழு பவுண்டு குறைந்திருந்தேன். தாம்பரம் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் மூன்று இடத்தில் நின்றேன். ஆறு மாதம் நடை மட்டும். செப்டம்பர் பரிசோதனையில் யூரியா சரியாக இருந்தது. "இனிமே எதுக்கும் இங்க வராதீங்க," என்றார் டாக்டர். கேட்டதிலேயே இனிய வசவு. அதற்கு முந்தைய மாதம்தான் எங்களுக்கு மகள் பிறந்திருந்தாள்.

தசைவலி எல்லோருக்கும் வரும். வலியோடு சிறுநீர் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நான் இரண்டு நாள் கடத்தினேன், தப்பித்தேன். காத்திருப்பவர்களுக்கு: எதுவும் நடக்காததுபோல் தெரியும் அந்த நாட்களில்தான் உடல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவசரப்படுத்த வழியில்லை.

வெகுகாலம் கால்களின் மேலேயே கவனம் இருந்தது. ஒவ்வொரு படியிலும் கால்களைக் கேட்டுக் கேட்டு ஏறினேன். முன்பு அழகுக்காகப் பார்த்த உடலை இப்போது பயத்தோடு பார்த்தேன், அவ்வளவே வேறுபாடு.

1971 ஜனவரியில் ஒரு மாலை, பெருங்களத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினோம். பஸ் கிளம்பிவிட்டது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். கண்டக்டர் கைநீட்டி எங்களை ஏற்றிவிட்டார். இடம் கிடைத்தது. மகள் ஜன்னலில் லாரிகளைக் காட்டிக்கொண்டே வந்தாள். இரும்புலியூர் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"என்ன தனியா சிரிக்கிறீங்க?" என்றாள் ரோசி.

"பஸ்ஸுக்கு ஓடினேன்."

"ஆமா, நானும்தான் ஓடினேன். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.