பொந்துக்குள் கேட்ட சீறல்

மாசி வெயிலில் காய்ந்த கொழுக்கட்டைப்புல் முழங்காலில் உரசி உண்டாக்கும் அரிப்போடுதான், சேந்தமங்கலத்துக்கு வெளியே அத்தையின் மேய்ச்சல் நிலம், நாங்கள் "மேச்சக்காடு" என்று சொன்ன அந்த இடம், என் நினைவுக்கு வருகிறது. சினையாடு ஒன்று பாம்பு கடித்துச் செத்த மறுநாள், அங்கே ஓடையின் மண்கரையில் இருந்த பொந்திலிருந்து "புஸ்ஸ்" என்று சீறல் கேட்டது. அத்தை வீட்டுக்கு ஓடி மண்ணெண்ணெய்க் கேனோடு திரும்பினாள். தீப்பெட்டி, அப்போது சின்னப்பிள்ளையான என் கையில் இருந்தது.

"தள்ளி நில்லு சாமி. வெளிய வந்துச்சுன்னா திரும்பிப் பாக்காம ஓடிரு."

கம்பு நுனியில் துணியைச் சுற்றி, எண்ணெயில் நனைத்து, அவள் பொந்தை நெருங்கியபோது காதோரம் ஏதோ விசிறிக்கொண்டு போனது. கரைமேல் சின்ன ஆந்தை ஒன்று உட்கார்ந்து, மஞ்சள் கண்ணை உருட்டி எங்களைப் பார்த்துக் கிரீச்சிட்டது. அந்தக் குரலுக்குப் பொந்து வாயில் சாம்பல் நிறக் குஞ்சொன்று தலைநீட்டிச் சீறியது. பாம்பில்லை என்று நான் மூச்சுவிட்ட நேரத்தில், சத்தம் கேட்டு வந்த பக்கத்துக் காட்டுச் செல்லமுத்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க அக்கா, சாக்குருவிங்க இது! குடும்பத்துக்கு ஆகாதுங்க. மாமங்கிட்ட இருந்து போனே வரலீங்களே? கொளுத்திப் போடுங்க."

மாமா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்கு வடக்கே போய் வாரக்கணக்கில் தகவல் இல்லை. அத்தை கம்பை இடக்கைக்கு மாற்றினாள். என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள், தீப்பெட்டியைக் கொடுத்தேன். துணியிலிருந்து எண்ணெய் காய்ந்த புல்லில் சொட்டிக்கொண்டிருந்தது. குஞ்சு மறுபடி சீறியது.

"பசிக்குக் கத்துது," என்றாள் அத்தை. "என்ற ஊட்டுக்காரரு எங்க இருக்காருன்னு இதுக்கு என்ன தெரியும்? நீ போயி உன்ற ஆட்டைப் பாரு செல்லமுத்து."

கம்பை ஓடை மணலில் குத்திவிட்டு நடந்தாள்.

மாமா வந்தார், எந்திரத்தில் நசுங்கிய வலக்கையில் கட்டோடு. ஊரே "அப்போதே சொன்னோமே" என்றது. அத்தை அவருக்குச் சோறு ஊட்டினாள். மேச்சக்காட்டுக்கு ஆடோட்டும்போது மட்டும் பொந்தைப் பார்க்காமல் கடந்தாள். குஞ்சுகள் பறக்கும்வரை அதை யாரும் தொடவுமில்லை.

நிலம் கைமாறிவிட்டது. இன்று அங்கே லாரிகள் நிற்கின்றன; டீசல் ஊறிய மண்ணில் புல் முளைப்பதில்லை, ஆந்தையும் வருவதில்லை. கரையை இடிக்கப் பொக்லைன் வந்த அன்று, வயதான அத்தை குறுக்கே போய் நின்றாள். பொந்துக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள்.

"காலிதானுங்க," என்று ஓட்டுநரிடம் சொன்னாள். "இடிச்சுக்குங்க."