ஏழு மணிப் படகு

படகுத்துறையின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து பத்தொன்பது வருஷமாகிறது. எல்லோருக்கும் அவள் டிக்கெட்டக்கா. பெரிய தீவுக்குப் போக இரண்டே வழிதான். காலை ஏழு மணிக்குக் கிளம்பும் மரப்படகு, நடுத்தீவில் சரக்கு இறக்கிவிட்டு, ஆடி அசைந்து பதினொன்றரைக்குப் போய்ச் சேரும். பத்து மணி விரைவுப் படகுக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் காற்று கொஞ்சம் முறைத்தால் அது ரத்து. எதில் போகட்டும் என்று யார் கேட்டாலும், தலையை வெளியே நீட்டித் தென்னை மட்டை ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். அவள் சொல்லைத் தட்டி யாரும் படகேறியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியும்போது பெரிய தீவு ஆஸ்பத்திரியிலிருந்து அக்காள் மகள் போன் செய்தாள்.

“சித்தி, அம்மாவைப் பன்னெண்டு மணிக்கு ஆபரேஷனுக்குக் கொண்டுபோறாங்க. பிழைக்கிறது பாதிக்குப் பாதிதானாம். அதுக்குள்ள உங்களைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காங்க.”

அம்மா போன பிறகு இவளுக்குத் தலை பின்னிவிட்டு ஆளாக்கியவள் அந்த அக்காள். ஒரு கல்யாணப் பேச்சில் வார்த்தை தடித்து, எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த கணவன், “பத்து மணி போட்ல போ. பதினொண்ணுக்கு அக்கா பக்கத்துல இருப்ப” என்றான்.

“நேத்தும் முந்தாநேத்தும் அது கிளம்பவே இல்ல. உங்களுக்கு அடுப்பு தெரியும், காத்து தெரியுமா?”

“ஊருக்கே குறி சொல்றவ. உன்கிட்ட வாய் கொடுக்க முடியுமா? கிளம்பு.”

மட்டைகள் பேயாட்டம் ஆடின. அவள் ஏழு மணிப் படகில் ஏறினாள். தையல் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டெய்லர், “நீங்களே இதுல ஏறிட்டீங்க. இனி எனக்கு என்ன கவலை” என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

நடுத்தீவில் சிமென்ட் மூட்டைகளை இறக்கி முடிக்க ஒன்பதே முக்கால் ஆனது. இன்ஜின் உறுமியது. படகு நகரவில்லை. அடியில் சேறு.

அன்று அமாவாசை. தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக வற்றும் நாள். அமாவாசையன்று இந்த வழியே வேண்டாமென்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். விடியற்காலையில் அவள் மட்டையைப் பார்த்தாள், காலண்டரைப் பார்க்கவில்லை.

“தண்ணி ஏற மூணு மணி நேரமாவது ஆகும்” என்றார் கேப்டன். “ஏன்க்கா, இது உங்களுக்குத் தெரியாததா?”

நடுத்தீவுக்காரர்களின் சின்னப் படகுகளும் சேற்றில் சாய்ந்து கிடந்தன. காற்று அடங்கிவிட்டிருந்தது. பத்தரை மணிக்கு விரைவுப் படகு தூரத்தில் வெள்ளையாக நுரை கிழித்துக்கொண்டு போனது. டெய்லர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். திட்டியிருந்தாலும் தேவலை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. அக்காள்.

“எங்க இருக்க?”

சேற்றில் இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

“வந்துட்டேன்க்கா. கரை தெரியுது.”

“அப்ப சரி.”

எட்டு மாதத்துக்குப் பிறகு பேசியது அவ்வளவுதான்.

அவள் ஆஸ்பத்திரிப் படியேறியபோது மூன்றரை. தியேட்டர் வாசல் பெஞ்சில் அக்காள் மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது.

“ரெண்டரைக்கு அம்மா போயிட்டாங்க சித்தி.” அழுது ஓய்ந்த குரல். “கரை தெரியுதுன்னு சொன்னீங்களாமே. அவ வந்துடுவா, கொஞ்சம் பொறுங்கன்னு அம்மா சொல்லி ஸ்ட்ரெச்சரைத் தள்ளவே விடல. நர்ஸ் கத்தினாங்க. இருபது நிமிஷம் இந்த வாசலையே பாத்துட்டுக் கிடந்தாங்க.”

டிக்கெட்டக்கா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“பத்து மணி போட்ல வந்தவங்க எல்லாம் பதினொண்ணுக்கே இறங்கிட்டாங்க. நீங்க எதுல வந்தீங்க?”

“ஏழு மணி போட்ல.”

அக்காள் மகளைக் கையெழுத்துப் போட உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.