மெமுனாத்து தெற்கே போன வழி

வடக்குக் கோடியில் இருக்கும் குவொல்லு ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பெரிய மண்சுவர் இருந்தது. அடிமைகளாக விற்க ஆள்பிடிக்க வந்த குதிரைக்காரர்களுக்குப் பயந்து முன்னோர் எழுப்பியது. இப்போது ஆடுகள் ஒண்டும் சில துண்டுகள்தான் மிச்சம். எங்கிருந்தோ வந்து அதைப் படமெடுத்துப் போகிறவர்களை, பிரசவம் பார்க்கும் நர்ஸ் மெமுனாத்து தன் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வருஷக்கணக்காகப் பார்த்திருந்தாள். சுவருக்கு உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே அகப்பட்டவர்களை எந்த வழியாகக் கொண்டுபோனார்கள்? வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த வழியிலேயே கடல் வரைக்கும் போய்ப் பார்ப்பது என்று கிளம்பிவிட்டாள்.

தம்பி மனைவி ரஹினாத்துவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எல்லாரும் ஓய்வு வாங்கினா மெக்காவுக்குப் போவாங்க. நீங்க என்னடான்னா அடிமைச் சந்தையைப் பாக்கக் கிளம்பிட்டீங்க!"

"நீயும் வாயேன்."

"நல்லாருக்கே! எனக்குப் புள்ளகுட்டி இல்லையா?"

கேட்ட பிறகுதான் ரஹினாத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மெமுனாத்து பையைக் கட்டினாள். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். விதைப்புக் காலமாகையால் பஸ் ஏற்றிவிட ஒருவரும் வரவில்லை.

வழியில் சலகாவில் பழைய அடிமைச் சந்தை இருந்த இடத்தைக் காட்ட வந்தவன் முதலில் அவளைத்தான் விசாரித்தான்.

"வீட்டுக்காரர் பின்னால வர்றாரா?"

"அப்படி யாரும் இல்லப்பா."

"புள்ளைங்க?"

"இல்ல."

அவன் குரலைத் தணித்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவனைப் போல, அடிமைகளுக்காக வெட்டிய கிணறுகளைக் காட்டினான். அங்கிருந்து அசின் மான்சோ. பிடிபட்டவர்கள் கடைசியாகக் குளித்த ஆறு அங்கேதான் ஓடுகிறது. அவள் தண்ணீரில் கால் வைத்து நின்றபோது ஒரு புதுமணத் தம்பதி போனை நீட்டினார்கள். நாலைந்து படம் எடுத்துக் கொடுத்தாள். அவளையும் ஒன்று எடுக்கட்டுமா என்று அவர்கள் கேட்கவில்லை. இவளும் கேட்கவில்லை.

அடிமைகளைக் கப்பலேற்றிய கடற்கரைக் கோட்டையில், தலைநகர் அக்ராவிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய குடும்பத்தோடு அவளையும் சேர்த்து உள்ளே அழைத்துப் போனார்கள். பெண்களை அடைத்து வைத்த அறை. ஒரு கையகலத் துளைதான் ஜன்னல். கூட்டம் பேசிக்கொண்டே மேலே ஏறிப்போனது. அவள் போகவில்லை. ஈரச்சுவரில் உள்ளங்கையை வைத்தாள். இத்தனை பெண்கள் இருந்த இடத்தில் பிரசவமும் நடந்திருக்குமே! யார் தாங்கிப் பிடித்தது? எதை வைத்துத் துடைத்தார்கள்?

மேலே பேச்சுக்குரல் தேய்ந்து நின்றது. அவள் எங்கே என்று யாரும் தேடி வரவில்லை. தரையில் உட்கார்ந்தாள். வலியெடுத்து வருகிறவர்களிடம் எப்போதும் சொல்வது தானாக வாயில் வந்தது. "பயப்படாதடீ. நான் இருக்கேன்ல. மூச்சை விடு." தன் சிசாலி மொழியில், இருட்டைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"ஐயோ கடவுளே, யாரது?" வாசலில் துடைப்பத்தோடு ஒரு பெண் நின்றாள். அந்தக் கோட்டையைப் பெருக்குகிற அராபா. "நல்லவேளை, மனுஷிதான்! என் உசிரே போயிடுச்சு. உங்க ஆளுங்க வண்டியேறிப் போயாச்சேக்கா."

"அவங்க என் ஆளுங்க இல்ல."

"அப்ப யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"பிரசவம் பாக்கறவ நான். பழக்கதோஷம்."

அராபா அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள்.  கைபிடித்து எழுப்பி, முற்றத்துப் படியில் உட்காரவைத்து, தன் சாப்பாட்டைப் பிரித்தாள். புளித்த மக்காச்சோள உருண்டை, பொரித்த மீன், மிளகாய் அரைப்பு.

"வடக்கத்திக்காரங்களுக்கு முள்ளு எடுக்கத் தெரியாதே. இங்க குடுங்க, நான் எடுத்துத் தர்றேன்."

மெமுனாத்து சிரித்தாள். ஊரைவிட்டு வந்தபின் அதுதான் முதல் சிரிப்பு. சாப்பிட்டு முடிக்குமுன் அராபாவை அவள் மகள் வாசலிலிருந்து கூப்பிட்டாள். அராபா கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் மெமுனாத்து ரஹினாத்துவுக்குப் போன் போட்டாள்.

"என்னத்தப் பாத்தீங்க?"

"ஒரு ரூம்பு."

"ஒரு ரூம்பைப் பாக்கவா அவ்ளோ தூரம்?"

சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ பொங்கியது. "அப்புறம் பேசறேன்" என்று ரஹினாத்து வைத்துவிட்டாள்.

மேற்கே இன்னொரு கோட்டை இருப்பதாக அராபா சொல்லியிருந்தாள். மறுநாள் காலை மெமுனாத்து அந்தப் பக்கம் போகிற வண்டியில் ஏறினாள். பக்கத்து இருக்கைக்கு ஆள் வருகிறதா என்று யாரோ கேட்டார்கள். இல்லையென்றதும் அதில் ஒரு மீன்கூடையை வைத்தார்கள்.